கீழ் லயத்துப் பீலியில் கறுப்புத் தண்ணீர்

அத்தியாயம் 9

"கொண்டு போயிரும்மா," என்றாள் பவுலின்.

தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவின் வாசலில் மரியநாயகி பால் வாளியை இன்னும் இறக்கிக்கூட வைக்கவில்லை. அதற்குள் மகளின் வாயிலிருந்து இப்படி ஒரு சொல்.

"ஏன்டி?"

"தாய்மாருங்க வேணாங்கிறாங்க. அந்தப் பாலக் காச்சிக் குடுத்தா, புள்ளைங்கள முதுகுல கட்டிக்கிட்டு மலைக்குப் போயிருவோம்னு சொல்லிட்டாங்க. ஆபீஸ்லருந்து கண்டாக்கையாவும் வந்து நிறுத்தச் சொல்லிட்டுப் போறாரு."

"நேத்து நீயும் இதே பாலத்தான குடிச்ச? உனக்கு என்னா ஆச்சு?"

"எனக்குத் தெரியும்மா. அவங்கதான் கேக்க மாட்டேங்கிறாங்க." பவுலின் குரலைத் தாழ்த்தினாள். "என்னையே ஒரு மாதிரியாப் பாக்குறாங்க. இன்னும் நாலு நாளைக்கு இப்படியே போனா என்னையும் இங்கருந்து தூக்கிருவாங்க."

மரியநாயகிக்கு வாய் வரை வந்தது. சொல்ல வேண்டிய பதில் எல்லாம் மகளுக்கானது அல்ல, மகளைப் பெற்ற மனுஷனுக்கானது. அதை அப்படியே நெஞ்சில் வைத்துக்கொண்டு வாளியோடு திரும்பினாள்.

ஊசிமலைத் தோட்டத்து மேல் லயத்தில், மேட்டிலிருந்த தொழிலாளர் வீட்டு வரிசையில், அவள் கணவர் சூசைரட்ணத்தைத் தெரியாதவர் கிடையாது. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இராவேலை பார்ப்பவர். ஹட்டனில் கோயில்காரர்கள் நடத்திய மாடு வளர்ப்பு வகுப்புக்குப் போய்விட்டு, திரும்பி வரும்போது ஓர் ஈரச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சாக்கு நிறையப் பச்சைப் பாசி. மிளகளவு இலை, கீழே தலைமயிர் போல வேர். மேல் லயத்துக் கக்கூஸ் குழிகளிலிருந்தும் மாட்டுப்பட்டிகளிலிருந்தும் வழியும் தண்ணீரெல்லாம் ஒரு கானில் சேர்ந்து ஓடைக்கு இறங்கும். அந்தக் கானைக் கல்லும் மண்ணும் போட்டு மறித்துக் குட்டையாக்கி, பாசியை அதில் விட்டார். பாசி அழுக்கைத் தின்று வளரும், தண்ணீர் தெளியும். பாசியை மாடு தின்னும், பால் கூடும். சூசைரட்ணம் போட்ட கணக்கு அது.

கணக்குத் தப்பவில்லை. மரியநாயகிக்கு அதுதான் எரிச்சல். பங்குனி வெயிலில் மலையெல்லாம் புல் கருகி, மற்ற வீட்டு மாடுகள் விலா எலும்பு தெரிய நின்றபோது, இவர்களுடைய செவலையும் வெள்ளச்சியும் வயிறு நிறைந்து அசைபோட்டுக் கொண்டிருந்தன. பால் கூடியது. குட்டைக்குக் கீழே கானின் நாற்றமும் குறைந்தது. வீட்டிலே கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தார்கள். பாசி எந்தத் தண்ணீரில் வளர்கிறது என்ற செய்தி கீழ் லயத்துக்குப் போய்ச் சேரும்வரை. போன வாரம் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டதும், தோட்டம் முழுக்கச் செவலையின் மடியைக் கைகாட்டியது.

அப்படியும் ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. லிந்துலை டவுனில் மக்பூல் முதலாளியின் தேத்தண்ணிக் கடை. பால் நல்ல பாலா என்று விரல் நுனியில் தொட்டே சொல்லிவிடுகிற மனிதர். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவள் பாலைத் திருப்பியதில்லை.

வெயில் ஏறுவதற்குள் குறுக்குப் பாதையில் இறங்கிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தாள். முதலாளி வாளியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு வேலைக்காரப் பையனை உள்ளே அனுப்பிவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"ஒக்காருங்க தங்கச்சி. தேத்தண்ணி குடிங்க."

"பால ஊத்திட்டுக் குடிக்கிறேன் முதலாளி."

"பால் வேணாம்."

அவள் உட்காரவில்லை.

"கோவிக்காதீங்க. ஓங்க கையில குத்தமில்ல. மாடு என்னத்தத் திங்குதுன்னு கேள்விப்பட்டேன். எங்க மார்க்கத்துல அசுத்தத்தத் தின்ன மாட்டோட பாலக் குடிக்க வேணாம்பாங்க. கொஞ்ச நாளைக்கு அத நிப்பாட்டி, நல்ல தீனியாக் குடுங்க. அதுக்குப் பொறவு கொண்டாங்க, நானே வாங்குறேன். ஒரேயடியா வேணாம்னு சொல்லல."

"நல்ல தீனிக்கு எங்க போவேன்? மலையில ஒரு புல்லு இருக்கா, சொல்லுங்க."

"அது எனக்குத் தெரியும். அதுக்கு நான் என்ன செய்ய ஏலும்?"

சண்டை போடலாம் என்று வந்தவளுக்கு அவர் அதற்குக்கூட இடம் கொடுக்கவில்லை. நியாயமாகப் பேசுகிறவர்களிடம் கோபப்பட முடியாது. அந்தக் கோபமும் சேர்ந்து வீட்டுக்குத்தான் போகும்.

திரும்பி மேட்டில் ஏறும்போது வாளி கனத்தது. தேயிலை வரிசைக்குள் குந்தி வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒருவரோடொருவர் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். கொழுந்து குறைந்த காலம் என்று தோட்டத்தில் அவளுக்கு அரைநாள் வேலைதான். அந்த அரைநாளையும் இன்று பாலுக்காக விட்டுவிட்டு வந்திருந்தாள். யாரைச் சொல்லி என்ன?

குட்டைக்குப் போனாள்.

சூசைரட்ணம் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். இரா முழுக்க ஸ்டோரில் கண் விழித்த மனிதர் படுத்துத் தூங்க வேண்டிய நேரம். தலையில் ஒரு துவாய், கையில் பழைய கொழுந்துக்கூடை. பாசியை அள்ளி அள்ளிக் கரையில் கொட்டிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"நாயகி! இங்க வந்து பாரு. கீழ்ப்பக்கம் தண்ணி எப்படி வருதுன்னு பாரு. கண்ணாடி!"

"பால் விக்கல."

"அடியில கல்லு தெரியுது பாரேன்."

"பால் விக்கலைங்கிறேன்! காம்பராவிலயும் வேணாமாம், முதலாளிக்கும் வேணாமாம். கண்ணாடிய வச்சு நான் என்னா செய்ய, மூஞ்சி பாக்கவா?"

அவர் கூடையைத் தாழ்த்தினார்.

"அவங்களுக்கு வெளங்கல நாயகி. வெளங்க வைக்கணும். இந்தா, இப்ப ரெண்டாவது குட்ட ஒண்ணு வெட்டப் போறேன். மேல் குட்டையில வர்ற பாசிய மரக்கறித் தோட்டத்துக்கு உரமாப் போட்டுர்றது. தெளிஞ்ச தண்ணி கீழ்க் குட்டைக்கு வரும். அதுல வளர்ற பாசிய மட்டும் நல்ல தண்ணியில அலசி, காயவச்சு மாட்டுக்கு. அப்ப யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

மரியநாயகி அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள்.

"இது எப்ப யோசிச்சீங்க?"

"யோசிக்கிறதென்ன, வகுப்புலயே சொல்லிக் குடுத்தாங்களே."

"என்னான்னு?"

"கக்கூஸ் தண்ணி நேரா விழுற குட்டைப் பாசிய மாட்டுக்குப் போடக் கூடாது, ரெண்டாவது குட்டையிலருந்துதான் எடுக்கணும்னு…"

சொல்லி முடிப்பதற்குள்ளேயே, சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"சொன்னாங்களா?" என்றாள் அவள். "சொல்லியே குடுத்தாங்களா?"

"மாடு பட்டினி கெடந்துச்சு நாயகி. ரெண்டு குட்ட வெட்டுற வரைக்கும் அது உசுரோட இருக்கணுமில்ல? ரெண்டு வாரத்துக்குத்தானேன்னு நெனச்சேன்."

"நாலு எழுத்துச் சொல்லிக் குடுக்கிறவங்க சொன்னதுல, நமக்கு வசதியானத மட்டும் காதுல வாங்கிக்கிட்டு வந்தீங்க! காம்பராவுல எத்தன பச்சப் புள்ளைங்க அந்தப் பாலக் குடிச்சிச்சுங்க? காச்சிக் குடுத்தா போச்சுன்னு நானும் வாய மூடிக்கிட்டு இருந்தேனே! பவுலினோட வேலையும் போகப் போவுது. சந்தோசமா?"

"புள்ளைங்களுக்கு வயித்தால போனது பாலால இல்ல. டிஸ்பென்சரி ஐயாவே தண்ணியக் காச்சிக் குடிங்கன்னுதான் சொன்னாரு."

"அத நீங்க போயி கீழ் லயத்து ராக்காயிகிட்டச் சொல்லுங்க. கேட்டுக்குவா!"

சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. ராக்காயியே வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் வெள்ளைச் சட்டையும் தோளில் மடித்த துண்டுமாக ஞானரட்ணம். பின்னால் கீழ் லயத்து ஆண்களும் பெண்களும் ஒரு கூட்டமாக. இரண்டு மூன்று பேர் கையில் மம்பட்டி.

ஞானரட்ணம் மரியநாயகியின் கூடப்பிறந்த அண்ணன். தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவர். தங்கை வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே தேத்தண்ணி கேட்டுக் குரல் கொடுக்கிறவர், இன்று குட்டைக் கரையில் நின்று தொண்டையைச் செருமினார்.

"மச்சான், நான் ஒங்க மச்சானா வரல. தலைவராத்தான் வந்திருக்கேன்."

"வாங்க தலைவரே," என்றார் சூசைரட்ணம் தண்ணீருக்குள் நின்றபடி. அந்த ஒரு சொல்லில் கேலி இருந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. ஞானரட்ணத்துக்கு மட்டும் இருப்பதாகப் பட்டது.

"காலைல தொரைகிட்டப் பேசிட்டு வந்திட்டோம். இந்தக் குட்ட வேணாம்னுட்டாரு. பொழுது சாயறதுக்குள்ள வரப்ப ஒடச்சிறணும்."

"மச்சான், ஒடைக்காதீங்க. தண்ணி இப்ப சுத்தமாத்தான் போவுது. வேணும்னா பாருங்க," என்று சூசைரட்ணம் கீழ்ப்பக்கம் போய், வரப்பிலிருந்து கசிந்து வந்த தண்ணீரை இரண்டு கையாலும் ஏந்தி வாய்க்குக் கொண்டுபோனார்.

மரியநாயகி ஒரே எட்டில் போய் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"பைத்தியமா ஒங்களுக்கு!"

கூட்டம் சிரித்தது. ராக்காயி மட்டும் சிரிக்கவில்லை. அவள் பேரனும் காம்பராவில் வயிற்றுப்போக்கில் கிடந்த குழந்தைகளில் ஒருவன்.

"பொஞ்சாதியே குடிக்க விட மாட்டேங்கிறா. அந்தப் பால எங்க புள்ளைங்களுக்கு மட்டும் குடுப்பாளாமா?"

அந்த வார்த்தை மரியநாயகிக்குச் சுருக்கென்று தைத்தது. காலையிலிருந்து சேர்த்துச் சேர்த்து வைத்திருந்த எல்லாமும் அந்த நேரம் பார்த்துத்தான் வெளியே வர வேண்டுமா?

"பாலப் பத்திப் பேசு, கேட்டுக்கிறேன். தப்புதான். ஆனா தண்ணியப் பத்திப் பேசாத ராக்காயி. இந்த வரப்பு இல்லாத காலத்துல இந்தக் கான் எங்க போச்சு? ஓடைக்குப் போச்சு. ஓடையிலருந்து ஒங்க பீலிக்கு வந்துச்சு. இத்தன வருசமா நீங்க அதத்தானே குடிச்சீங்க!"

மம்பட்டிக்காரர்கள் ராக்காயியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

உண்மைதான். ஓடையிலிருந்து பீலியில் வந்து விழும் தண்ணீரைத்தான் கீழ் லயம் குடத்தில் பிடித்துக் குடிக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததும்தான். ஆனால் மேல் லயத்துக்காரி ஒருத்தி கீழ் லயத்துக்காரர்களின் முகத்துக்கு நேராக அதைச் சொன்னதில்லை.

"அப்ப மேல ஒக்காந்துக்கிட்டு இத்தன வருசமா எங்களுக்குப் பீத்தண்ணியக் குடுத்திருக்கீங்க," என்றாள் ராக்காயி. சத்தம் போடவில்லை. "நீயே சொல்லிட்ட."

பின்னால் நின்றவர்கள் கொதித்தார்கள். "தலைவரே, ஒங்க தங்கச்சின்னு பாக்குறீங்களா?" என்று ஒரு குரல் எழுந்தது. ஞானரட்ணத்தின் முகம் சிவந்தது. பக்கத்தில் நின்றவனின் கையிலிருந்த மம்பட்டியைப் பறித்தார்.

"அண்ணே, ஒரு நிமிசம் யோசிங்க! இத ஒடச்சா உள்ள இருக்கிற அவ்வளவும் எங்க போவும்? இவ்வளவு நாளாச் சேந்த சேறு…" என்றாள் மரியநாயகி.

அவர் கேட்கவில்லை. அல்லது கேட்டும், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓங்கிய கையை இறக்க முடியவில்லை. முதல் வெட்டில் கல் பெயர்ந்தது. அடுத்த வெட்டில் வரப்பு வாயைத் திறந்தது.

கறுப்பாக, கொழகொழவென்று, அடியில் அத்தனை வாரமாகப் படிந்திருந்ததெல்லாம் முதலில் வந்தது. அதற்குப் பின்னால் பச்சைப் பாசி பாய் பாயாக மடங்கிக்கொண்டு வந்தது. நாற்றத்தில் முன்வரிசைக்காரர்கள் பின்வாங்கினார்கள். சூசைரட்ணம் ஓட்டையில் தன் உடம்பை வைத்து அடைக்கப் பார்த்துச் சறுக்கி விழுந்தார். ஞானரட்ணத்தின் வெள்ளைச் சட்டையெல்லாம் சேறு.

கோடைக் காலத்து ஓடை. விரல் தடிமனுக்குத்தான் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கழிவைக் கரைத்துக்கொள்ளக்கூட அதில் தண்ணீர் கிடையாது. அப்படியே திரண்டு கீழே இறங்கியது.

கூட்டம் கலைவதற்குள் கீழேயிருந்து பவுலின் மூச்சிரைக்க ஓடி வந்தாள். முந்தானையெல்லாம் கறுப்புப் புள்ளி.

"யாரு ஒடச்சது? பீலியில கறுப்புத் தண்ணி வருது! காம்பராத் தொட்டி முழுக்க நாறிப்போச்சு. புள்ளைங்களுக்குக் காய்ச்ச வச்சிருந்த தண்ணியத் தவிர ஒரு சொட்டு இல்ல!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பவுலின் முன்னால் வந்தாள். அம்மாவையும் அப்பாவையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தாள். மாமாவின் கையில் மம்பட்டியைக் கண்டாள்.

"மாமா…"

"தொரை சொன்னாரு," என்றார் ஞானரட்ணம்.

"தொரை பீலித் தண்ணியா குடிக்கிறாரு?"

ஞானரட்ணம் மம்பட்டியைக் கரையில் போட்டார். ராக்காயி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றாள். "என் பேரப்புள்ள," என்று மட்டும் சொன்னாள். பிறகு மற்றப் பெண்களோடு பாதையில் இறங்கி ஓடினாள்.

மரியநாயகிக்கு அப்போது கத்த வேண்டும் போலக்கூட இல்லை. அப்படி ஓர் அலுப்பு. ஒருத்தர் சொல்லிக் கொடுத்ததைப் பாதி கேட்டார். இன்னொருத்தர் முழுவதும் கேட்காமலேயே வெட்டினார். தானும் சும்மா இருந்தாளா? வாயை அடக்கியிருந்தால் மம்பட்டி ஓங்கியிருக்காது. மூன்று பேர் செய்ததும் சேர்ந்து இப்போது காம்பராக் குழந்தைகளின் வாசலில் ஓடிக்கொண்டிருக்கிறது.

சேலையை இடுப்பில் செருகினாள்.

"எறங்குங்க," என்றாள்.

"யாரு?" என்றார் ஞானரட்ணம்.

"நீங்கதான். ரெண்டு பேரும். மிச்சம் இருக்கிறதாவது கீழ போகாம அடைங்க. தலைவர் வேலையெல்லாம் பொறவு பாத்துக்கலாம். பவுலின், மேல் லயத்துல வீட்டுக்கு ஒரு கொடம் நல்ல தண்ணி கேளு. காம்பராவுக்கு முதல்ல. பொறவு ராக்காயி வீட்டுக்கு. யாராவது இல்லைன்னா என் பேரச் சொல்லு."

ஞானரட்ணம் சுற்றுமுற்றும் பார்த்தார். கூட வந்த ஆண்களில் பாதிப் பேர் காணாமல் போயிருந்தார்கள். மிச்சப் பேர் கல் பொறுக்கத் தொடங்கியிருந்தார்கள். சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டு அவரும் இறங்கினார்.

மச்சானும் மச்சானும் பேசிக்கொள்ளவில்லை. ஒருவர் கல் நீட்டினால் மற்றவர் வாங்கினார். வாங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். மரியநாயகி கரையிலிருந்து மண் வெட்டிப் போட்டாள். மேல் லயத்துப் பெண்கள் குடங்களோடு பவுலினுக்குப் பின்னால் இறங்கிப் போனார்கள். சிலர் முணுமுணுத்தார்கள், ஆனாலும் போனார்கள். வெயில் மலைக்குப் பின்னால் சரியும்போது ஓட்டை அடைபட்டது. பீலியில் தண்ணீர் வெளுக்கத் தொடங்கிவிட்டது என்று கீழேயிருந்து யாரோ கூவிச் சொன்னார்கள்.

"மச்சான்," என்றார் சூசைரட்ணம், முதல் தடவையாக. "ரெண்டாவது குட்டைக்கு அந்த மூலை சரியா வரும்னு நெனைக்கிறேன்."

"வாய மூடுங்க," என்றார் ஞானரட்ணம். ஆனால் அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் ஏதோ ஒன்று மாறியது. என்னவென்று மரியநாயகிக்கு உடனே பிடிபடவில்லை. காற்று நின்றது போல இருந்தது. சூசைரட்ணம் கையிலிருந்த கல்லோடு அப்படியே நின்றார். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கும் உறைத்தது. பகலும் இரவும் மலையில் கேட்டுக்கொண்டே இருக்கும் ஸ்டோர் இயந்திரத்தின் உறுமல் நின்றுபோயிருந்தது.

"பாசி," என்றார் அவர் மெல்ல.

ஓடை கீழ் லயத்தோடு முடிந்துவிடுவதில்லை. பீலியைத் தாண்டி, ஸ்டோரின் சின்ன அணைக்குப் போகும். அங்கிருந்துதான் இயந்திரத்தைக் குளிர வைக்கும் தண்ணீர்க் குழாய். குழாய் வாயில் ஒரு கம்பி வலை. பாய் பாயாகப் போன பாசி எங்கே போய் ஒட்டியிருக்கும் என்பது இராவேலைக்காரருக்குத் தெரியாதா? இயந்திரம் நின்றால் காற்றாடி நிற்கும். காற்றாடி நின்றால் வாட்டப் போட்ட கொழுந்தெல்லாம் அவிந்து போகும். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் சும்மா விட மாட்டார்.

ஸ்டோர் காவல்காரன் அழகன் கீழ்ப் பாதையில் தெரிந்தான். ஓடி வந்தவன் கரையில் நின்று மூச்சு வாங்கினான்.

"குழாயெல்லாம் பச்சையா அடச்சுக்கிச்சு. எஞ்சின் காஞ்சு நின்னு போச்சு. டீமேக்கரையா குதிக்கிறாரு. யாரு ஒடச்சதுன்னு கேக்குறாரு. ஒடச்சவன் இப்பவே வரணுமாம்."

"பாசி என்னுதுதான்," என்றார் சூசைரட்ணம்.

"பாசி யாருதுன்னு அவருக்குத் தெரியுமாம். தொரையே சொல்லியிருந்தாலும், பாசிய அள்ளாம வரப்ப ஒடச்சது யாருன்னுதான் கேக்குறாரு. வேல போயிரும்னு சத்தம் போடுறாரு."

ஞானரட்ணம் கைச்சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். மிச்சமிருந்த ஆண்கள் அவரைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்கள். தலைவரே ஸ்டோரை நிறுத்திவிட்டார் என்று வெளியே வந்தால், நாளைக்குச் சங்கத்தில் யார் அவர் பேச்சைக் கேட்பார்கள்? சூசைரட்ணம் மறுபடி வாயைத் திறந்தார். அந்த மனிதர் என்ன சொல்லப் போகிறார் என்று மரியநாயகிக்குத் தெரியும். 'நாந்தான்' என்று சொல்லிவிட்டு வேலையை விட்டுவிட்டு வந்து, இரண்டாவது குட்டை வெட்டத் தொடங்கிவிடுவார்.

"நீங்க இங்கயேதான நின்னீங்க அக்கா," என்றான் அழகன். "நீங்க சொல்லுங்க. யாரு?"

ஒரு பக்கம் அண்ணன். ஒரு பக்கம் புருஷன். இருவர் கண்ணும் அவள் மேல்.

"ரெண்டு பேரும் வர்றாங்கன்னு போயிச் சொல்லு," என்றாள் மரியநாயகி. "நானும் வர்றேன்."

"பொம்பளைங்கள டீமேக்கரையா உள்ள விட மாட்டாரே அக்கா."

"வெளியிலயே நிக்கிறேன். நான் கத்துனா உள்ள கேக்கும்."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவள் ஸ்டோர்ப் பாதையில் இறங்கினாள். பின்னால் சேற்றுக் காலடி கேட்டது. ஒரே ஓர் ஆளின் காலடிதான். யாருடையது என்று திரும்பிப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.